பீகாவும் நேராவும்

அன்புள்ள அம்மாடி,

பீகானேரிலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் வீட்டு ஓனரம்மா கட்டிக் கொடுத்த புஜியாவில் பாதி ரயிலிலேயே தீர்ந்துவிட்டது.

அட்சய திருதியை அன்று மொட்டை மாடியில் அவர் கோதுமைக் கிச்சடாவில் நெய்யை ஊற்றி, கூடவே இம்லாணியும் கொடுத்தாரே, அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டது. நம் பானகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. வானம் பூராவும் பட்டம். பீகானேர் பிறந்த நாளுக்காம். விக்ரம ஆண்டு 1545, நம் கணக்கில் 1488.

ஊர்ப் பேருக்கு அவர் சொன்ன கதை மனசை விட்டுப் போகவில்லை. ஜோத்பூரை நிறுவிய ராவ் ஜோதாவின் மகன் பீகா. ஒரு நாள் தர்பாருக்கு நேரம் கழித்து வந்து, சித்தப்பா காந்தலின் காதில் என்னவோ சொன்னான். "என்ன, புது நாடு பிடிக்க யோசனையா?" என்றார் ஜோதா, விளையாட்டாக. காந்தலுக்கு அது சுருக்கென்று தைத்தது. 1465-ல் இருவரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே ஜாங்கல் தேசத்து மணற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஊர் எழும்ப 23 வருஷம் ஆனது.

பீகாவுக்குப் பிடித்த இடம் நேரா என்ற ஜாட் சமூகத்துக்காரர் ஒருவருடையது. "நிலம் தருகிறேன், ஊர்ப் பேரில் என் பேரும் இருக்கட்டும்" என்றாராம். பீகா, நேர், பீகானேர். ஆனால் ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேர் இருக்கிறது. இன்றைய ஹனுமான்கட்டுக்கும் முன்பு பட்னேர் என்றுதான் பேர். 1805-ல் பீகானேர் ராஜா சூரத் சிங் அதைப் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அனுமனுக்கு உகந்த நாள் என்று பேரை மாற்றினார். அப்படிப் பார்த்தால் 'நேர்' என்பது ஊரைக் குறிக்கும் பொதுச் சொல்லாகவும் இருக்கலாம். இருந்தாலும் நிலம் கொடுத்தவரை மறக்காத கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்கு மாற்றல் ஆர்டர் வந்த அன்று, "அவ்வளவு தூரம் போய் ராஜ்ஜியமா பிடிக்கப் போற?" என்று கேட்டேன். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அந்த மாடியில் ஜோதா பேசியதைக் கேட்டபோது எனக்கு உன் தட்டுதான் கண்ணில் வந்தது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா.

அப்புறம், இம்லாணிக்குப் புளி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று ஓனரம்மாவிடம் கேட்டு எழுது. அம்மா போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா