பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்திலும், எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலும் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டெஸ்க்டாப்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. பத்திர எழுத்தர் அலுவலகம், ஊர்ப்புற நூலகம், தேவாலயப் பங்கு அலுவலகம், டியூஷன் சென்டர் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். அவற்றில் பெரும்பகுதி இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும். இன்னொரு பக்கம், உள்ளே இருக்கும் கோளாறைப் பார்க்காமல் புது எஸ்.எஸ்.டி.யும் (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) ராமும் (தற்காலிக நினைவகம்) வாங்கிப் போடுகிறார்கள்; கெட்டுப்போன எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. முதலில் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் மேம்படுத்த வேண்டும். இந்த வரிசை தவறுவதால்தான் காசும் போகிறது, கணினியும் போகிறது.

நம் பகுதிக்கென்றே உள்ள எதிரி இடி மின்னல். சித்திரை, வைகாசியின் மாலை மழையும் ஐப்பசி மழையும் எத்தனை மதர்போர்டுகளைத் தின்கின்றன என்று இங்கே வேலை பார்க்கும் எவரும் சொல்வார்கள். மழை இருட்டியதும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள்; இணையம் வரும் லேன் ஒயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மின்னலின் அதிர்வு மோடம் வழியாக வந்து, லேன் ஒயரில் ஏறி, போர்டிலுள்ள லேன் சிப்பை அடிக்கிறது. ஃபைபர் இணைப்பு என்பதால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் அடாப்டர் உண்டு, அதிலிருந்து கணினிக்கு வருவதும் செம்பு ஒயர்தான். இரண்டையும் கழற்ற வேண்டும். லேன் சிப் மட்டும் போயிருந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்துவிட்டு, ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் லேன் கார்டைச் செருகினால் போதும். அதற்காகப் போர்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிப் உள்ளேயே ஷார்ட் ஆகி, விரல் வைக்க முடியாமல் சுட்டால் மட்டுமே அது வேறு விஷயம்.

எர்த் (நில இணைப்பு) இல்லாத வீட்டில் ஸ்பைக் கார்டு, அதாவது திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பிளக் பலகை, பாதி வேலைதான் செய்யும். கேபினட்டின் தகரத்தைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இணைப்பு அறுந்தால் அவற்றின் வழியாகப் பாடியில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தம், அதாவது 110 வோல்ட் அளவு, தேங்கி நிற்கும். மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து சாக்கெட்டில் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டும் வர வேண்டும். வரவில்லையென்றால் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு. கம்ப்யூட்டர் கடைக்கு அப்புறம் போகலாம்.

கணினி ஆன் ஆகாதபோது அது எந்த மாதிரி ஆகவில்லை என்று கவனித்தாலே பாதிப் பழுது பிடிபடும். ஃபேன் அசையவே இல்லையென்றால் யு.பி.எஸ்., பவர் ஒயர், எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரில் எப்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இருந்தும் ஆன் ஆகவில்லையென்றால் முன்பக்கப் பட்டன் தேய்ந்திருக்கலாம். போர்டில் பவர் ஸ்விட்ச் ஒயர் வரும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட். அப்போது முதலில் முன்பக்க யு.எஸ்.பி. துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே தகடு வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். அந்த ஒயரைப் போர்டிலிருந்து உருவினால் கணினி ஓடிவிடும். ஃபேன் ஓடியும் திரை வரவில்லையென்றால் ராமைச் சந்தேகிக்க வேண்டும்; நீண்ட பீப் ஒலி விடாமல் வந்தால் அநேகமாக அதுவேதான். தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுக்க மூடிக் கிடந்த கணினியிலும், கொல்லங்கோடு, தூத்தூர் போன்ற உப்புக்காற்று ஊர்களிலும் ராமின் பொன்னிறப் பற்களில் படலம் படிந்துவிடும். பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். மணல் தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் உரிந்துவிடும், கூடாது.

காலையில் ஐந்தாறு முறை அழுத்தினால்தான் ஆன் ஆகும், ஒருமுறை ஓடிச் சூடேறிவிட்டால் நாள் முழுக்க நன்றாக இருக்கும் என்றால், கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது. ஒன்று எஸ்.எம்.பி.எஸ்.ஸில், இல்லையென்றால் பிராசஸரைச் சுற்றிப் போர்டில். போர்டில் இருப்பவை கண்ணுக்கே தெரியும்: தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கும், அல்லது பழுப்பாகக் கசிந்திருக்கும். மாற்றுபவரிடம் அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல், 105 டிகிரி, குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை) வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரேடியோ கெப்பாசிட்டர் போட்டால் சில மாதத்தில் மறுபடியும் உப்பும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ். நல்லதா என்று தனியாகக் கழற்றி, பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்துச் சோதிப்பது கடைகளில் வழக்கம். அது ஓடுகிறதா என்று மட்டுமே அந்தச் சோதனை சொல்லும். சுமை இல்லாமல் எல்லா வோல்ட்டும் சரியாகத்தான் காட்டும். போர்டோடு மாட்டி, கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது பெரிய நான்கு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையில் அளக்க வேண்டும். 11.4-க்குக் கீழே இறங்கினாலும் 12.6-க்கு மேலே ஏறினாலும் அது தேறாது. சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாதீர்கள், கையில் தூக்கினால் காற்றுப்போல் இருப்பது அந்த வாட்டைத் தராது.

தேதி தானாகப் பழைய வருடத்துக்குப் போய், இணையதளம் எதுவும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் வைரஸ் இல்லை, போர்டிலுள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி, 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

பழுது இல்லை என்று உறுதியான பிறகு மேம்படுத்தலாம். முதல் இடம் எஸ்.எஸ்.டி.க்குத்தான். எச்61 சிப்செட் போன்ற பழைய போர்டில், டிஸ்க் இணையும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 300 எம்.பி.யைத் தாண்டாது, ஆகவே எஸ்.எஸ்.டி. வீண் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. விண்டோஸ் திறக்கும்போது நடப்பது சின்னச் சின்னக் கோப்புகளை அங்கும் இங்கும் தேடிப் படிக்கிற வேலை. அதில் ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஒரு எம்.பி. தருவதற்கே திணறும், சாதாரண எஸ்.எஸ்.டி. அதைப்போல் பல மடங்கு தரும். 240 அல்லது 256 ஜி.பி., 2.5 அங்குல சாட்டா வகை போதும். என்.வி.எம்.இ. என்ற புதுவகை எஸ்.எஸ்.டி.யை அடாப்டர் போட்டு விற்கப் பார்ப்பார்கள். அதிலிருந்து பூட் ஆக அந்தக் காலத்துப் பயாஸ்களுக்குத் தெரியாது. நிறுவும் முன் பயாஸில் சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ. என்று இருக்க வேண்டும். ஐ.டி.ஈ. என்ற பழைய மோடில் விண்டோஸைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் நீலத் திரைதான் வரும். பவருக்கு, ஒயரோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவு மாற்றுக் கனெக்டரைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே ஒயர்கள் உரசி உருகித் தீப்பிடித்தவை உண்டு.

பழைய டிஸ்க்கிலிருந்து தகவலை எடுப்பதில்தான் பெரிய இழப்பு நடக்கிறது. கணினி நின்று நின்று ஓடினால் உடனே செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு) ஓட்டுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது கடைசி அடி. முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் மென்பொருளில் பாருங்கள். கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் எண்ணிக்கை ஏறியிருந்தால், வேறெதையும் செய்யாமல் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிளை மாற்றினால் போதும். பத்திர எழுத்தர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இங்குள்ள விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் மூலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. அதனால் ஒரே கணினியில் வானவில், பாமினி எழுத்துருக்களில் தமிழ்க் கோப்பும், எம்.எல்-டி.டி. கார்த்திகா எழுத்துருவில் மலையாளக் கோப்பும் கிடக்கும். இவை யூனிகோடு அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஃபார்மேட் செய்யும் முன் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்து வையுங்கள்.

அடுத்தது ராம். 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்குங்கள். தட்டச்சு, இணையம், கணக்கு வேலைக்கு 16 தேவையில்லை. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜி.பி. போட்டும் சுமார் மூன்றேகால்தான் காட்டும், முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள். டி.டி.ஆர்.2-க்கும் டி.டி.ஆர்.3-க்கும் 240 பின்களே என்றாலும் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும், திணித்தால் ஸ்லாட் உடையும். ஜி41 சிப்செட் போர்டுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 வாங்கினால் இரு பக்கமும் எட்டெட்டாக 16 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ளது அந்தப் போர்டில் ஏறாது. இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் 4 ஜி.பி. டி.டி.ஆர்.2 பெரும்பாலும் ஏ.எம்.டி. போர்டுகளுக்கு மட்டுமானது. போட்ட பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருள் ஒரு இரவு ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிராசஸர் மாற்றுவது கடைசி. எச்61-இல் பென்டியம் இருந்தால், பயன்படுத்திய ஐ5-2400 நல்ல மாற்றம். ஐ5-3470 என்றால் பயாஸ் புதுப்பித்த பிறகே ஏறும். எப்படியும் கூலரைக் கழற்றுவதால் பிராசஸர் மேலுள்ள வெப்பம் கடத்தும் பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பருக்கைச் சோறு அளவு புதிது வையுங்கள். இன்டெல் கூலரின் நான்கு கால்களையும் மூலைக்கு மூலையாக அழுத்தி, நான்கிலும் டிக் சத்தம் கேட்ட பிறகு போர்டின் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கால் சரியாக இறங்காவிட்டால் பத்து நிமிடத்தில் கணினி தானாக அணையும். அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்து ஃபார்மேட் செய்த கணினிகள் ஏராளம்.

இவ்வளவும் செய்தாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பி, கோர் 2 டுவோ என்ற பழைய பிராசஸர் உள்ள கணினியைக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்தப் பிராசஸர்களில் அது பூட் ஆகவே ஆகாது. மாற்று வழி லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம்; அதில் லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ்99 தட்டச்சும் கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் பள்ளிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. ஆனால் கைரேகைக் கருவி வைத்துச் சேவை மையம் நடத்துபவர்கள் மாறக் கூடாது, அந்தக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான். கேனான் எல்.பி.பி. 2900 பிரின்டர் வைத்திருப்பவர்களும் யோசியுங்கள், லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு.

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிக்கும் பட்டியல் போடும் முன், ஒரே மாடல் கணினிகளை ஒன்றாக வைத்து, ஒன்றின் நல்ல பாகத்தை மற்றதில் போட்டு எத்தனை தேறும் என்று பாருங்கள். பழுதுபார்ப்பவரிடம் எதை அளந்தார், என்ன வோல்ட் வந்தது, எதை மாற்றினார் என்று எழுதி வாங்குங்கள்; கழற்றிய பாகத்தையும் திரும்பக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் மறுக்க மாட்டார். உண்மையிலேயே தேறாதவற்றைக் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். குவிக் ஃபார்மேட் செய்த டிஸ்க்கிலிருந்தும் மாணவர்களின் ஆதார் நகலை எளிதில் மீட்டுவிட முடியும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
குழித்துறை