சுவர் கிழக்கே நகர்கிறது

சேசு மரி சூசை துணை

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே நானும் அம்மாவும் சுகம். போன் போட்டால் "ம்", "சரிப்பா", "அப்புறம் பேசறேன்" என்று முடித்து விடுகிறாய். அந்த அப்புறம் ஆகஸ்ட்டிலிருந்து வரவே இல்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் அம்மா சொல்லச் சொன்னது. காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே. பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. ஆபீஸ் எங்கேயும் ஓடிப் போகாது. பெரியத்தை மகன் கையில் பூண்டு லேகியம் கொடுத்தனுப்பினோமே, சாப்பிடுகிறாயா, இல்லை பாட்டில் அப்படியே ஃபிரிட்ஜில் உட்கார்ந்திருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள். மற்றதெல்லாம் பிறகு.

ஊரில் சொல்லும்படியான செய்தி ஒன்றுதான், சிமித்தேரிச் சுவர், நம் கல்லறைத் தோட்டத்துச் சுவர்தான். போன மழையில் கிழக்குப் பக்கம் பெரிதாக விழுந்துவிட்டது. மாடும் நாயும் உள்ளே வந்து போகின்றன. அன்பியம் அன்பியமாக, ஒவ்வொரு தெரு ஜெபக் குழுவிலும் வசூல் செய்து, ஹாலோ பிளாக் இறக்கி, மேஸ்திரிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. கணக்கு நோட்டு என்னிடம். ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு ஊரில் வேறு என்ன வேலை கொடுப்பார்கள்.

பங்குப் பேரவைக் கூட்டத்தில், பழைய அஸ்திவாரத்தின் மேலேயே கட்டிவிட்டால் செலவு குறைவு என்றார்கள். நான் கூடாது என்றேன். சுவர் வேப்ப மரத்தைத் தாண்டி மாந்தோப்பு வேலி வரை கிழக்கே போக வேண்டும் என்றேன். "அங்க என்ன சார் இருக்கு?" என்று என்னிடம் படித்த பையன் ஒருத்தன் கேட்டான். பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும், பாட்டியோடு போயிருக்கிறாய்.

கல்லறைத் திருநாளன்று உள்ளே எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும், பாட்டி மட்டும் கேட்டுக்கு வெளியே வந்து சுவரைச் சுற்றி வேப்ப மரத்தடிக்குப் போவாள். ஒரு கொட்டாங்குச்சியைச் சாய்த்து வைத்து, காற்று வருகிற பக்கம் அதன் முதுகைத் திருப்பி, உள்ளே இரண்டு சொட்டு மெழுகு விட்டு அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவாள். அடையாளத்துக்கு ஒரு கருங்கல் துண்டு, அவ்வளவுதான். உன் பெரியப்பா. எனக்கு மூத்தவன், பேர் வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. "ஏன் பாட்டி இவர் மட்டும் வெளியே இருக்கார்?" என்று நீ ஒரு வருஷம் கேட்டாய். "உள்ள இடம் பத்தல கண்ணு" என்றாள்.

இடமா பத்தவில்லை? அன்றைய சட்டம் அப்படி. 1917இல் தொகுத்த திருச்சபைச் சட்டத்தின்படி ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு, சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த மண்ணில் அடக்கம் இல்லை. தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் இல்லை. அவர்களுக்கென்று முடிந்தால் தனியாக ஓர் இடம் ஒதுக்கச் சொன்னது. பிள்ளைக்கு ஆபத்தென்றால் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதற்குச் சாமியார் வர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் விழுந்த பிள்ளை சுவருக்கு உள்ளே, பதிவேட்டில் பேரோடு. அதற்குள் போய்விட்ட பிள்ளை வெளியே, பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. நான் சொல்வது யூகம் இல்லை. பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டபடி, செல்லரித்த இறந்தோர் பதிவேடுகளைப் புது நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்காரச் சாமியார்கள் லத்தீனில் எழுதியதை அவர் படித்துச் சொல்ல, நான் தமிழில் எழுதுகிறேன்.

நமக்கெல்லாம் பெருமை பேசத் தெரியும். கோவிலூர்ப் பக்கம் மைசூர் மிஷன் சேசு சபைச் சாமியார்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள், 1773இல் ரோமாபுரியே அந்தச் சபையைக் கலைத்த பிறகு பாரிஸ் வேதபோதக சபையார் வந்தார்கள், 1792இல் திப்பு கையிலிருந்து பாராமகால் என்கிற இந்தக் கிருஷ்ணகிரிச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனபோதும் இங்கே நம் வேதம் இருந்தது என்று திருவிழா மலரில் வருஷா வருஷம் போடுகிறோம். சேலம் மறைமாவட்டம் 1930இல், தருமபுரி மறைமாவட்டம் 1997இல், அதுவும் உனக்கு மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம். பதிவேட்டை எடுத்து வைத்து எழுதினால்தான் தெரிகிறது, இத்தனை காலமும் இங்கே ஜனங்கள் எப்படிச் செத்தார்கள் என்று. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எழுத்து பொடிப் பொடியாகிறது, எழுதுகிறவருக்கே சோர்வு தட்டியிருக்கிறது. 1918 அக்டோபர், நவம்பரில் விஷக்காய்ச்சல். ஒரே வீட்டுப் பேர் அடுத்தடுத்து வருகிறது. வயசு, தகப்பன் பேர், கடைசி அருட்சாதனம் கொடுத்தது யார், அடக்கம் எங்கே என்று அவ்வளவு ஒழுங்காக எழுதியவர்கள் வேப்ப மரத்தடியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. சர்க்கார் பரவாயில்லை. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செத்துப் பிறந்தாலும் அது பிறப்புதான், பதிய வேண்டும் என்று இருக்கிறது. அதற்கென்று தனிப் படிவமே உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற காகிதங்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கிழிக்கக் கூடாது. எந்தக் காகிதமாக இருந்தாலும் பத்திரமாக வை.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். புது இடுகாடு என்றால் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும், வீட்டுக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 1999ஆம் வருஷ விதி. கிழக்கே புதிதாக வீடு கட்டியிருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, வாசலில் கல்லறை வருகிறது என்றால் யாருக்கும் கசக்கும். நான் தாலுகா ஆபீசுக்குப் போய் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் வாங்கி, சர்வேயரைக் கூட்டி வந்து அளக்க வைத்தேன். மாந்தோப்பு வேலி வரை ஆதியிலிருந்தே கல்லறைப் பட்டாதான். மந்திரித்த மண்ணை மட்டும் சுற்றிச் சுவர் எடுத்துவிட்டு மிச்சத்தை வெளியே விட்டிருக்கிறார்கள். அதனால் இது புது இடுகாடும் இல்லை, விரிவாக்கமும் இல்லை. அங்கே இனி புதுக் குழி வெட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்தோம், அவரும் சரி என்றுவிட்டார். நாலு லோடு பிளாக் கூடுதல் செலவு. அதற்குத்தான் இத்தனை முணுமுணுப்பு. கட்டில் அகலத்துக்குப் பளபளவென்று கிரானைட் போட்டுக் கல்லறை கட்ட மட்டும் எல்லாரிடமும் காசு இருக்கிறது. இப்படியே ஆளாளுக்குக் கட்டிக்கொண்டு போனால் இன்னும் பத்து வருஷத்தில் குழி வெட்ட இடம் இருக்காது. இனிமேல் சிலுவையும் பேர்ப்பலகையும் மட்டும்தான் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம், எத்தனை நாள் நிற்கும் பார்க்கலாம். ஏற்கெனவே மூணடிக்குக் கீழே பாறை, ஒவ்வொரு சாவுக்கும் கம்ப்ரஸர் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

சுவர் என்றதும் இன்னொன்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிக்காக நடுவே சுவர் எழுப்பியது ஊர் அறிந்த கதை. நம் ஊரில் அப்படிச் சுவர் இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வோம். ஆனால் வடக்கே யார், தெற்கே யார் என்று குழி வெட்டுகிறவரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். அதையும் ஒரு நாள் பேரவையில் எடுப்பேன். இப்போது எடுத்தால் இந்தச் சுவரும் நின்றுவிடும்.

நீ இந்தப் பங்கிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண். உன் சர்டிபிகேட்டை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் காட்டாமல் விடுவதில்லை. அம்மா திட்டுகிறாள். அவ்வளவு படித்த பெண் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் தானே சுமந்துகொள்ளலாம் என்று நினைக்கிறது. பெங்களூர் என்ன அமெரிக்காவா? காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேரலாம். நாங்கள் அங்கே வருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாய். சரி, வரவில்லை. அம்மா துணிப்பையைக் கட்டி வைத்தது அப்படியே இருக்கிறது.

போன வாரம் சாமியாரிடம் பொதுவாகச் சில விஷயம் கேட்டேன். யாருக்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் அந்தப் பழைய தடை இல்லையாம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்கள் நினைத்திருந்தால் போதும், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம். கணவன் மனைவி இரண்டு பேரும் நம் வேதமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மோட்சம் உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று 2007இல் ரோமாபுரியில் பெரிய இறையியல் குழுவே எழுதியிருக்கிறது. அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது பாட்டி இருந்திருந்தால், இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமா என்று கேட்டிருப்பாள். தகனம் செய்திருந்தால்? அதற்கும் 1963இலிருந்து தடை இல்லை. சாம்பலை வீட்டில் வைக்கக் கூடாது, காற்றிலோ தண்ணீரிலோ தூவக் கூடாது, மந்திரித்த இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் அறிக்கை வந்திருக்கிறது. வேறு ஊரில், வேறு வழக்கப்படி ஏற்கெனவே அடக்கம் ஆகியிருந்தால்? அதை அப்படியே விட்டுவிடுங்கள், இங்கே பேர் சொல்லி ஜெபம் வைக்க எந்தத் தடையும் இல்லை என்றார்.

மாப்பிள்ளை அன்றைக்குப் போனில் "எல்லாம் ஆச்சு மாமா" என்றார். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது. அவர்கள் வீட்டு வழக்கப்படி செய்திருந்தால் அதுவும் மரியாதையாகத்தான் செய்திருப்பார்கள், எனக்கு அதில் குறை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீ பங்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயே, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று, அந்தக் காகிதம் ஃபைலில் இருக்கிறது. பிரதி எடுக்கும்போது பார்த்தேன். தேதியோடு உன் கையெழுத்து. பெற்றவர்களின் எண்ணத்துக்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, நீங்கள் லீவு போட வேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குச் சிமித்தேரியிலேயே பூசை. அதற்கு முன்னால் கிழக்குப் பக்கத்தை மந்திரிக்கிறார்கள், மேஸ்திரி அதற்குள் சுவரை முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதில் பாதிதான் நடக்கும், ஆனாலும் சுவர் நின்றாலும் நிற்காவிட்டாலும் மந்திரிப்பு உண்டு. வேப்ப மரத்தடிப் பிள்ளைகளுக்கென்று பதிவேட்டில் தனியாக ஒரு பக்கம் திறக்கச் சாமியார் ஒத்துக்கொண்டார். முதல் வரியில் உன் பெரியப்பா. பேர் இல்லாததால் பாட்டி, தாத்தா பேரைப் போட்டு மகன் என்று எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு வர இஷ்டமில்லை என்றால் கட்டாயம் இல்லை. நீ பேர் ஏதாவது நினைத்து வைத்திருந்தால் வாட்ஸ்அப்பில் அந்தப் பேரை மட்டும் அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம், நானும் எதுவும் கேட்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டில் வேறு பேர் நினைத்திருந்தால் இரண்டையும் அனுப்பு, பக்கத்தில் இடம் இருக்கிறது. வருவதானால் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் போடு, ஆட்டோ பிடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை என்றால் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். அத்தை மகன் காரோடு வருவான். சுவர் நிதிக்கு உங்கள் இரண்டு பேர் பேரிலும் ஆயிரம் கட்டி ரசீது போட்டு வைத்திருக்கிறேன், பணத்தை அனுப்பித் தொலைக்காதே.

அன்புடன்,
அப்பா