ரூஜ் ரிவர் தொகுதி பற்றி நீ கேட்டது

அன்பின் சிவா,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது, பதில் பிந்தியதற்கு மன்னித்துக்கொள் மச்சான். மகளின் கலியாணம் நல்லபடி முடிந்தது எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். படத்தில் உன் அம்மா முன்வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு மனுசி கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, படி ஏறும்போதுதான் பிடிக்கிறது.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் இவ்வளவு தமிழர்கள் இருந்தும் ஒன்ராறியோ மாகாண சட்டசபைக்கு 2018 வரை ஏன் ஒரு தமிழரும் போகவில்லை என்று கேட்டிருந்தாய். இதை நான் பல வருசமாக மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

இங்கே உங்கள் விருப்பு வாக்கு மாதிரி, கட்சிக்குப் போட்டு அதன் பட்டியலில் பிடித்த ஆட்களுக்கும் போடும் முறை ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா காலத்துத் தொகுதி முறைதான்: ஒரு தொகுதிக்கு ஒரு ஆள், மற்றவர்களைவிட ஒரு வாக்குக் கூட எடுத்தவர் போகலாம். நான் இருக்கும் மல்வேர்ன் பக்கம் முன்பு ஸ்காபரோ வடக்கு, 1999-ல் மாகாணத் தொகுதிகளை 130-லிருந்து 103 ஆகக் குறைத்தபோது ஸ்காபரோ ரூஜ் ரிவர். பெயர் மாறினாலும் 1985-லிருந்து 2016 வரை லிபரல் கட்சிதான். ஜமேக்காவில் பிறந்த அல்வின் கர்லிங் இருபது வருசம் இருந்தார்.

அவரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். 1995 டிசெம்பர், நான் வந்து மூன்றாவது குளிர். மாகாண முதல்வர் மைக் ஹரிஸின் கொன்சவேட்டிவ் அரசாங்கம் ஆஸ்பத்திரிகளை மூடுவது தொடக்கம் நகரசபைகளை இணைப்பது வரை எல்லாவற்றையும் ஒரே சட்டமூலத்துக்குள் போட்டு, மக்களிடம் கருத்துக் கேட்காமல் அவசரமாக நிறைவேற்றப் பார்த்தது. கர்லிங் வாக்களிக்க மறுத்தார், சபையை விட்டு வெளியேறச் சொன்னபோதும் எழும்பவில்லை. மற்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள், இரவிரவாக அப்படியே இருந்தார். கடைசியில் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒத்துக்கொண்டது. நான் இரவு வேலை முடிந்து வந்து செய்தியில் பார்த்தேன். எங்கள் தொகுதிக்காரர் என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். 2003-ல் அதே சபைக்கு அவரே சபாநாயகர் ஆனார். கறுப்பினத்தவர் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவர் 2005-ல் தூதுவராகப் போனபிறகு இடைத்தேர்தலில் ட்ரினிடாட்டில் பிறந்த பாஸ் பல்கிசூன் வந்தார், அவரும் லிபரல்.

அப்புறம் 2011. மே மாதம் மத்திய தேர்தலில் இதே எல்லைக்குள் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளராக நின்ற ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடாப் பாராளுமன்றத்தின் முதல் தமிழர் ஆனார். நாங்கள் அழுதோம் மச்சான், மெய்யாக. ஐந்து மாதம் கழித்து ஒக்டோபரில் மாகாணத் தேர்தல். அதே வீதிகள், அதே வீடுகள், அதே கட்சியில் இன்னொரு தமிழர், நீதன் சான். இரண்டாவதாகத்தான் வந்தார். ஏன்? மேயில் நீண்டகால லிபரல் உறுப்பினர் போட்டியிடவில்லை, என்டிபி தலைவர் ஜாக் லேய்ட்டனின் அலையும் நாடு முழுக்க அடித்தது. ஒக்டோபருக்குள் லேய்ட்டன் செத்துவிட்டார், பல்கிசூன் கதிரையில் இருந்தார். 2014-லும் நீதன் இரண்டாவதுதான்.

2016 மார்ச்சில் பல்கிசூன் திடீரென்று விலகினார். செப்டெம்பர் 1 இடைத்தேர்தல். லிபரலில் பிரகல் திரு, என்டிபியில் திரும்பவும் நீதன், கொன்சவேட்டிவில் கொரியாவிலிருந்து வந்த ரேமண்ட் சோ. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்: நான் நீதனுக்காக வீடு வீடாகப் போனேன், மனுசியின் தம்பி திருவுக்காக. ஞாயிறு சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பாடசாலைகளின் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நீக்குவதாகக் கொன்சவேட்டிவ் தலைவர் பெயரில் ஒரு கடிதம் தொகுதிக்குள் போனது, பிறகு அது பிழை என்று தலைவரே சொன்னார். சோ வென்றார், 79 வயதில். இரண்டு தமிழர்களின் வாக்கையும் கூட்டினால் அவருடையதைவிடக் கூட.

அந்தக் கூட்டல் கணக்கை நான் பல வருசம் சொல்லித் திரிந்தேன். இப்போது அது பிழை என்று நினைக்கிறேன். திருவுக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் முப்பது வருசமாக லிபரலுக்கே போட்டுப் பழகிய ஆக்கள். தமிழர் நின்றதற்காகப் போட்டவர்கள் இல்லை. நீதனுக்குப் போட்டவர்களிலும் தமிழர் அல்லாதவர் நிறையப் பேர். அதோடு சோ இந்தப் பக்கத்து நகரசபை உறுப்பினராக எத்தனையோ வருசம் இருந்தவர், வீதி விளக்கு எரியாவிட்டால் நாங்களே அவருடைய அலுவலகத்துக்குத்தான் போன் எடுப்போம். அந்த மனிதர் எங்கள் கதிரையைப் பறித்தார் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது.

2018-ல் தொகுதியையே இரண்டாகப் பிரித்தார்கள், மல்வேர்னுக்கு ஊடாகவே கோடு போனது. ஒரு பக்கம் ஸ்காபரோ வடக்கு, அங்கே சோ. மற்றப் பக்கம் ஸ்காபரோ ரூஜ் பார்க், அங்கே விஜய் தணிகாசலம் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே நாள் மார்க்கம் தோர்ன்ஹில்லில் லோகன் கணபதி. முதல் இரண்டு தமிழ் மாகாண உறுப்பினர்களும் கொன்சவேட்டிவ் கட்சி, நாங்கள் பரம்பரையாக வாக்குப் போட்ட லிபரல் மாகாணம் முழுக்க ஏழு இடத்தோடு நின்றது. விஜய் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் 2021-ல் நிறைவேறியது. அவருக்கு நான் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை, ஆனால் அன்றைக்கு அவருடைய அலுவலகத்துக்கு நன்றி எழுதினேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2022 மாகாணத் தேர்தலில் வாக்குரிமை உள்ள 100 பேரில் 44 பேர்தான் வாக்களித்தார்கள், ஒன்ராறியோ வரலாற்றிலேயே அதுதான் குறைவு. எங்கள் அடுக்குமாடியில் என்னோடு பத்து வருசம் லிப்டில் ஏறி இறங்கும் தமிழ்ப் பெடியன் ஒருவன், எப்போது தேர்தல் அண்ணை என்று முடிந்து இரண்டு நாள் கழித்துக் கேட்டான். உங்கள் வடமாகாண சபைக்கு 2013-ல் வைத்த தேர்தலோடு சரி; 2018-ல் காலம் முடிந்தபிறகு பூட்டிய கதவுதான். வரிசையில் நிற்க ஆயத்தமாக நீ அங்கே இருக்கிறாய், உனக்குத் தேர்தல் இல்லை. அவனுக்கு இருக்கிறது, வாக்குச்சாவடி கீழ்த்தளத்தில், செருப்போடே போகலாம். அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

மாகாண சபைத் தேர்தல் பற்றி ஊரில் என்ன கதைக்கிறார்கள், விரிவாக எழுது. அம்மாவுக்கு நான் கேட்டதாகச் சொல்லு. அவவின் கண் ஒப்பரேசன் எப்போது என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
குமார்