அக்காவின் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள மூர்த்தி,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். மணி பெண்ணுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். பத்திரிகையில் உன் பட்டப்பெயரைப் போட்டுவிடப் போகிறான், சொல்லி வை. மற்றதெல்லாம் அப்புறம். இப்போது அக்கா விஷயம்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தேன். ஒரே வருஷத்தில் மூன்று தடவை குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்கு அடியில் வலி, கண்ணில் லேசான மஞ்சள். ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக், அடங்கியதும் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளத்தைச் சந்தேகப்படு என்று 1877-லேயே பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ எழுதிவிட்டார்! அக்காவுக்கு எப்போதோ பித்தநாள பைபாஸ் செய்ததை ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். என் சந்தேகம் ‘சம்ப் சிண்ட்ரோம்’.

அந்த பைபாஸ் ஆபரேஷனில் பித்தநாளத்தின் பக்கவாட்டில் ஒரு வாய் திறந்து, ஒட்டிக் கிடக்கும் முன்சிறுகுடலோடு தைத்துவிடுவார்கள். பித்தம் அந்தப் புது வழியில் இறங்கிவிடும். ஆனால் வாய்க்குக் கீழே, கணையத்துக்குள் நுழைந்து, குடலில் திறக்கும் பழைய துவாரம் வரை போகும் நாளத்துண்டு அப்படியே கிடக்கும். அதைக் கழுவிவிடப் பித்த ஓட்டம் கிடையாது. குடலிலிருந்து புது வாய் வழியாக ஏறும் காய்நார், விதை, தோல் எல்லாம் அந்தக் குழிக்குள் விழும். கீழ்த்துவாரம் இறுகியிருந்தால் வெளியேற வழியில்லை. கிருமி பெருகும், சேறு சேரும், சேறு கல்லாகும். தரைக்கடியில் இருக்கும் தொட்டியைச் ‘சம்ப்’ என்கிறோமே, அதே சொல்தான். அடியில் வண்டல் தங்குவதும் அப்படியே. கிருமி மேலே ஏறினால் கல்லீரலில் சீழ்க்கட்டி. கணையக் குழாயை அடைத்தால் கணைய அழற்சி. அதனால்தான் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

‘பித்தநாளத்தில் காற்று’ என்று ஸ்கேனில் இருப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறாய். பதறாதே. பைபாஸ் செய்தவருக்குக் காற்று இருந்தால் வாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால்தான் வாய் சுருங்கிவிட்டதோ என்று யோசிக்க வேண்டும். ஆனால் காற்றின் நிழல் பின்னால் இருப்பதை மறைக்கும். ஆகவே அதில் ‘கல் இல்லை’ என்று எழுதியிருப்பதை நான் நம்பமாட்டேன். எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுக்க வேண்டும். அதிலும் காற்றும் கல்லும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். மல்லாந்து படுத்தவருக்குக் காற்று முன்னால் மிதக்கும், கல் பின்னால் படியும், அப்படித்தான் பிரித்துப் பார்ப்போம். மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் ரத்தத்தில் கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளாதே. பித்தம் புது வழியில் இறங்கிக்கொண்டிருக்கும்வரை அது அதிகம் ஏறாது. நாளத்தில் அடைப்பு இருந்தால் ரத்தத்தில் ஏறும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸைப் பார்.

சம்ப் என்று உறுதியானால் இ.ஆர்.சி.பி., அதாவது எண்டோஸ்கோப் குழாயைக் குடல்வரை செலுத்திப் பித்தநாளத்தைச் சரிசெய்வது. கீழ்த்துவாரத்தைக் கீறி அகலப்படுத்தி, பலூனால் குழியை இழுத்துத் துடைத்து, சலைன் விட்டு அலசுவார்கள். செய்பவருக்கு பைபாஸ் விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நாளம் தெரியக் கீழிருந்து செலுத்தும் சாயம் பைபாஸ் வாய் வழியாகக் குடலுக்குள் ஓடிவிடும், மேல்நாளம் நிரம்பாது. கருவிக்கு வழிகாட்டும் கம்பிகூட அதே வழியில் வெளியே வந்துவிடும். வாய்க்கு மேலே பலூனை ஊதி அடைத்துக்கொண்டுதான் சாயம் விட வேண்டும். வாய் சுருங்கியிருந்தால் அதையும் பலூனால் விரிக்கலாம். கீறலுக்குப் பிறகு ரத்தக்கசிவோ கணைய அழற்சியோ வரக்கூடும். அன்றிரவு வயிற்றுவலி அதிகமானால் வீட்டுக்குக் கூட்டிப் போகாதே. பெரும்பாலோருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால்தான் மறு ஆபரேஷன்: பழைய இணைப்பைப் பிரித்து, 40 முதல் 60 செ.மீ. நீளக் குடல்துண்டைக் கல்லீரலிலிருந்து இறங்கும் ஈரல்நாளத்தோடு சேர்ப்பது. அவ்வளவு தூரம் சாப்பாடு ஏறி வராது.

ஆத்திரப்பட்டேனே தவிர, அந்த டாக்டர்களையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. 1974-இல் எண்டோஸ்கோப் வழியாகத் துவாரத்தைக் கீறும் முறை வந்தபிறகு இந்த பைபாஸே அருகிவிட்டது. இளையவர்கள் பலர் இதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நீ செய்ய வேண்டியது: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடு. ஸ்கேன் காகிதம் போதாது, படங்களின் சிடி வேண்டும். அக்கா ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுது. இடையில் மறுபடி நடுக்கம் வந்தால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல். தெரிந்த மாத்திரை என்று வீட்டில் கொடுத்துவிடாதே. செவ்வாய்க்கிழமை கூட்டி வா. நாலு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் வரட்டும், அன்றைக்கே எம்.ஆர்.சி.பி. எடுத்துவிடலாம்.

உன்,
ரவி