கேட்டில் எழுதும் நேரம் கூலிக்கு ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒப்பந்தத் தொழிலாளர் என்றாலே துப்புரவுப் பணியாளர்களும் மின்வாரியக் காண்ட்ராக்ட் ஆட்களும்தான் செய்தியில் வருகிறார்கள். அவர்கள் பாடு பெரும்பாடு, அதில் மறுப்பில்லை. தோளில் பை, கையில் ட்ரில் மிஷின் என்று கப்பலூருக்கும் மேலூருக்கும் பைக்கில் ஓடுகிற எங்களைப் போன்ற சைட் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறேன், கேபிள் இழுக்கிறேன், வருகைப்பதிவுக்குக் கைரேகை மிஷின் பொருத்துகிறேன். காண்ட்ராக்டர் ஒருவரிடம்தான் வேலை, மாதச் சம்பளம் கிடையாது. மணிக்கு 80 ரூபாய்.

இதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே நாற்காலியில் நாள் முழுக்க உட்கார வேண்டியதில்லை. மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகைக்கடை என்று எல்லா இடத்துக்கும் உள்ளே போய்ப் பார்த்தாகிவிட்டது. சில இடங்களில் கேன்டீனில் உட்காரவைத்துச் சாப்பாடே போடுவார்கள். கூட வேலை பார்த்த சிலர் தொழிலைக் கற்றுக்கொண்டு தனிக்கடை வைத்துவிட்டார்கள். சித்திரைத் திருவிழா சமயத்திலும் பள்ளி விடுமுறையிலும் வேலை குவியும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை என்பதால் அன்றைக்குக் கட்டாயம் ஏதாவது ஒரு கிளையில் வேலை இருக்கும். ஆனால் மே மாதம் உழைத்த காசு ஜூலையில்தான் கைக்கு வரும். ஸ்கூல் பீஸ் ஜூனிலேயே கட்டியாக வேண்டும்.

கூலி குறைவு என்பதைக்கூட விடுங்கள், சொல்லித்தான் சேர்த்தார்கள். அந்த மணிக்கணக்கு எப்போது ஆரம்பிக்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் பெயர், போன் நம்பர், பைக் நம்பர், வந்த நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார். கூலிக்கு அந்த நேரம் செல்லாது. அந்த நிறுவனத்தின் அட்மின் ஆள் ஜாப் ஷீட்டில் (வேலைச் சீட்டில்) எழுதுகிற நேரம்தான் செல்லும். அவர் மீட்டிங்கில் இருப்பார். சர்வர் ரூம் சாவி மேனேஜரிடம் இருக்கும், மேனேஜர் வெளியே போயிருப்பார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இருக்காது. அது முதல் நாள் பேப்பரிலேயே வந்திருக்கும், ஆனாலும் “தம்பி, நாளைக்கு வராதீங்க” என்று ஒருவரும் போன் செய்வதில்லை. சாயங்காலம் கரண்ட் வந்து இரண்டு மணி நேரம் வேலை செய்தால் அன்றைய வருமானம் 160 ரூபாய்.

பெட்ரோல் கதை தனி. திருமங்கலம் வரை ‘லோக்கல்’ என்று எங்கள் காண்ட்ராக்டர் கணக்கு, அதனால் பைசா கிடையாது. போக வர நாற்பது கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் விலை என் ஒரு மணி நேரக் கூலியைவிட அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் காட்டிக்கொடுக்கிற மிஷினை அந்தச் சுவரில் மாட்டிவிட்டு வருபவனே நான்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த வேலையில், வந்த ஆளுக்கு முழு நேர வேலை தராமல் போனாலும் முழு நாள் கூலி தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொன்னது. அவரே வேலை செய்ய மறுத்தால் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. அதிலிருந்து நழுவத்தான் ‘மணிக்கணக்கு’ என்று எழுதிக்கொள்கிறார்களோ என்பது என் சந்தேகம். ஒப்பந்தத் தொழிலாளருக்கென்றே வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 20 பேர் இருந்தால் பொருந்தியது. அதற்குப் பதிலாக வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது 50 பேர். ஒரு சைட்டுக்கு இரண்டு பேராகப் போகிற எங்களுக்கு இருபதும் ஒன்றுதான், ஐம்பதும் ஒன்றுதான்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் இப்படித்தான். ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால்தான் உடம்பு முடியாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். மழைக்காலத்தில் கம்பத்தில் ஏறுகிற வேலை நின்றுவிடும், அப்புறம் அந்த 78 நாள் எங்கிருந்து வரும்? உடம்புக்கு முடியாமல் போனால் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தைரியம் சொல்வார்கள். கார்டு உயிரோடு இருக்க வேண்டுமே!

வேலை கொடுக்கிற நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. காண்ட்ராக்டருக்குக் கொடுக்கிற ஒர்க் ஆர்டரில், கேட் நோட்டில் உள்ள வந்த நேரமும் போன நேரமும்தான் கூலிக்குக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த நோட்டு உங்களிடமேதான் இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அப்படி வந்தால் சாவியும் நேரத்துக்குக் கிடைக்கும், மேனேஜரும் நேரத்துக்கு வருவார். மதுரையில் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமும் தங்கள் உறுப்பினர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் நிறையப் பேர் கேட்பார்கள். அடுத்த விடுமுறை சீசனுக்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
கேமரா டெக்னீஷியன் ஒருவர்,
செல்லூர், மதுரை.