பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

நியூ ஜெர்சி,
23-6-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முரளி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமா? போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

தேர்தல் முடிந்துவிட்டதே, துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து வாங்கிவிட்டீர்களா? தேர்தல்தோறும் அதைக் கோணியில் சுற்றிக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, ரசீதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைப்பீர்களே, போன சனிக்கிழமை அதுதான் ஞாபகம் வந்தது. இங்கே எல்லாம் தலைகீழ். துப்பாக்கிக் கொலை குறையும் என்று சொல்லி, போலீஸே காசு கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறது. பெயர் கேட்பதில்லை, லைசென்ஸ் கேட்பதில்லை, யாருடையது என்றும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டில் 78 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் போன வருடம் காலமானார். அவருடைய வேட்டைத் துப்பாக்கி அலமாரியிலேயே கிடந்தது. அந்த அம்மாவுக்குக் கண் சரியில்லை, காரை ஓட்ட என்னைக் கூப்பிட்டார். என்னைப் போல் வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் பொதுவாக இடம் தராது. எனவே அவர்தான் அதைக் குளியல் துண்டில் சுற்றி, தன் கார் டிக்கியில் வைத்தார். நான் விரல்கூட வைக்கவில்லை. பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு சர்ச் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. யாரும் இறங்கக் கூடாது. ஒரு போலீஸ்காரர் டிக்கியைத் திறந்து, துண்டைப் பிரித்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தார். மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கோத்துக் கட்டி மேஜைமேல் வைத்தார். 100 டாலர் கொடுத்தார். மேஜையில் இருந்த மற்றவற்றைப் பார்க்க வேண்டுமே! துருவேறியது, கட்டை பிளந்தது, விசையே இல்லாதது. நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரின் தட்டுக்கூடை தோற்றது. வரிசையில் இருந்தவர்களும் பெரும்பாலும் நரைத்த தலைகள். ரவுடி ஒருவனையும் காணவில்லை. அவன் எதற்கு வருவான்? அவனுக்கு அது தொழில் சாமான்.

இதைத்தான் இந்த நாட்டில் ஐம்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1974-இல் பால்டிமோர் போலீஸ் ஒன்றுக்கு 50 டாலர் வீதம் கொடுத்துச் சுமார் 13,500 துப்பாக்கிகளை வாங்கியது. அந்த நாட்களில் துப்பாக்கிக் கொலை குறையவில்லை, கூடியது. 1991 முதல் 2015 வரை பல ஊர்களில் நடந்தவற்றைப் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். அதிலும் குற்றம் குறைந்ததற்குச் சான்று இல்லை. மக்களிடம் சுமார் 40 கோடித் துப்பாக்கி இருக்கும் நாட்டில், மேஜைமேல் நூறு குவிந்து என்ன ஆகும்? கொடுத்த காசிலேயே புதியது வாங்கவும் தடை இல்லை.

கூத்தும் உண்டு. 2022-இல் நியூயார்க் மாநிலத்து யூட்டிக்காவில் ஒருவர், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கிப் பாகங்களை அச்சடித்து எடுத்து வந்து 21,000 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். போன டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது இன்னும் மோசம். அழிக்கச் சொல்லிக் கம்பெனிகளிடம் கொடுத்த துப்பாக்கிகள் பலவற்றில், எண் பொறித்த பாகத்தை மட்டும் நொறுக்கிவிட்டு, மீதியை உதிரியாக விற்கிறார்களாம்.

ஆஸ்திரேலியாவைப் பார் என்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே 1996-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு வாங்கி அழித்தது. ஆனால் முதலில் அவன் பயன்படுத்திய வகைத் துப்பாக்கிகளையே தடை செய்தார்கள், லைசென்ஸை இறுக்கினார்கள். காசு அப்புறம்தான் வந்தது. இங்கே காசு மட்டும் இருக்கிறது.

திரும்பும்போது நான் இதையெல்லாம் கொஞ்சம் மேதாவித்தனமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா துண்டை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரரிடம் அதை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கியிருந்தார். பிறகு, "சனி, ஞாயிறு பேரன் வருவான். தாத்தா போனதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை" என்றார். அவ்வளவுதான். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, பெரியப்பா. நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

கொலை குறையும் என்று போலீஸ் மேடை போட்டுச் சொல்வது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வேண்டாதவர்கள் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொன்னாலே போதும். அந்த அலமாரியைக் காலி செய்ய 100 டாலர் அதிகமில்லை.

ஆடியில் அக்கா பிள்ளைகள் அங்கே வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். துப்பாக்கியைக் கதவிடுக்கில் சாத்திவைக்காதீர்கள், பரண் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் வையுங்கள். சாவி பெரியம்மாவிடம் இருக்கட்டும். உங்களிடம் இருந்தால் தொலைந்துவிடும்.

அன்புடன்,
முரளி