நம் சபை ஆயர்களின் வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், எங்களுக்கு உதவிய வெளியூர் அன்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபையில் ஊழியம் செய்த ஆயர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். புத்தகத்தில் நன்றிக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பக்கம். நீங்கள் செய்த உதவிக்கு அது போதாது என்பதால் இந்த மடலைத் தனியாக எழுதுகிறேன்.

ஆலயச் சுவரில் இருக்கும் பெயர்ப் பலகையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பெயர், வந்த வருடம், போன வருடம், அவ்வளவுதான் அதில் இருக்கும். இடைப்பட்ட வருடங்களில் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எதற்காக அழுதார், யாரைத் தேடிப் போனார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டபோது எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. இன்று இருப்பதெல்லாம் நீங்கள் கொடுத்தது.

முதல் நன்றி, பழைய பதிவேடுகளை நம்பி எங்களிடம் கொடுத்த சபை அலுவலகப் பெரியவருக்கு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஆராதனையை நடத்தியவரின் கையெழுத்து இருக்கும். நியமனக் கடிதம் தொலைந்துபோன ஆயர்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதை அந்தக் கையெழுத்துகளை வைத்தே கண்டுபிடித்தோம். ஓரங்கள் பொடிந்துகொண்டிருந்த தாள்களை அவர் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே புரட்டிக் காட்டினார், எங்களை அவசரப்படுத்தவே இல்லை.

பழைய கையெழுத்தைப் படித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? பல இடங்களில் புள்ளியே வைக்காத எழுத்து, தேதிகளோ தமிழ் எண்களில். அவர் நிதானமாக வாசித்துச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். அடக்கப் பதிவேட்டில் ஓரிடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அது ஆயரின் சொந்தக் குழந்தையைப் பற்றிய குறிப்பு. அந்த வரியில் மட்டும் பக்கத்துச் சபை ஆயரின் கையெழுத்து. திருமணப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், அதே வாரத்தில் ஒரு திருமணத்தை அந்தத் தகப்பனே நடத்தி வைத்திருக்கிறார். கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவர் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த அழைப்பு ஒரு மனிதரிடம் எதைக் கேட்கிறது என்று எனக்கு அன்று உறைத்தது. எந்தப் பிரசங்கத்திலும் அப்படி உறைத்ததில்லை.

அடுத்து, குருப்பட்டம் இல்லாமலே ஆயருக்குத் துணையாக ஊழியம் செய்த உபதேசியார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். "எங்க தாத்தா ஆயர் இல்லையே, அவரைப் பற்றி எதற்கு?" என்று தயங்கித்தான் பேச ஆரம்பித்தீர்கள். தயங்க வேண்டியதே இல்லை. தமிழ்ச் சபைகளின் ஆயர் வரிசையே உபதேசியாரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம், அதாவது ஆயராக ஊழியம் செய்யும் அதிகாரம், பெற்ற ஆரோன், இந்தியப் புராட்டஸ்டன்ட் சபையின் முதல் சுதேச குரு. அதற்கு முன்பு அவர் உபதேசியார்தான். 1790-இல் தஞ்சாவூரில் பட்டம் பெற்ற சத்தியநாதனும் அப்படியே, பாளையங்கோட்டைச் சபையில் உபதேசியாராக உழைத்துவிட்டுப் பட்டத்துக்கு வந்தவர். பட்டம் பெறாமலே கடைசிவரை உழைத்தவர்கள் இவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆயர் பல ஊர்களுக்கும் சேர்த்து ஒருவராக இருந்த காலத்தில், வாரம் தவறாமல் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது உபதேசியார்தான். புத்தகத்தில் அவர்களுக்குத் தனி அதிகாரம் கொடுக்கச் சிலருக்கு மனமில்லை. நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் தேடி எடுத்துக் கொடுத்த நாட்குறிப்புகள்தான் எங்களுக்குத் துணை நின்றன.

அப்புறம், ஆயர்களின் மனைவிமார். நாம் "ஐயரம்மா" என்றுதான் கூப்பிட்டோம். பலருடைய சொந்தப் பெயர் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மாற்றல் கடிதம் வரும்போதெல்லாம் வீட்டுச் சாமான்களைக் கட்டி, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்து, தெரியாத ஊரில் பெண்கள் ஐக்கியத்தை முதலிலிருந்து நடத்தியவர்கள். அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, பலகையில் இடமும் கிடையாது. அம்மா எழுதிய கடிதங்களைப் பிரித்துக் காட்டிய மகள்களே, சில வரிகளை வெளியிட வேண்டாம் என்றீர்கள், வெளியிடவில்லை. ஆனால் அவற்றை வாசித்த பிறகு மற்ற பக்கங்களை நாங்கள் எழுதிய விதமே மாறிவிட்டது.

ஓய்வுபெற்ற ஆயர் ஐயா ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. ஆலயக் கட்டுமானக் கணக்கும் குழுச் சண்டையும் தன்னை எப்படிச் சோர்வாக்கின என்பதை அவர் ஒளிக்காமல் பேசினார். ஜெபிக்கவே முடியாமல் போன மாதங்கள் இருந்தன, அப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது என்றார். அந்த நாட்களில் தன்னைத் தாங்கியது ஒரு படுக்கை நோயாளியின் வீடு என்றும் சொன்னார். திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுக்கப் போனவருக்கு, அந்த நோயாளி தலையில் கைவைத்து ஜெபித்தாராம். ஆயரும் மேய்க்கப்பட வேண்டிய ஆடுதான் என்று ஒரு சபைக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு நல்லது!

தன் அழைப்பைப் பற்றி மனம் திறந்து பேசிய சகோதரி ஆயருக்கும் நன்றி. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-இல். அதில் பெண்களுக்குக் குருப்பட்டம் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டம் கிடைத்த பிறகும், திருவிருந்தை அவர் கையில் வாங்கத் தயங்கியவர்கள் இருந்ததை அவர் கசப்பில்லாமல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் கசந்தது.

படங்களைச் சுத்தம் செய்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், தட்டச்சு செய்த தம்பி, பிழை திருத்திய அக்கா, எல்லாருக்கும் நன்றி. வேதத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்தின் (கடிதத்தின்) கடைசி அதிகாரத்தில் பவுல் பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் ஆக்கில்லாவையும் பெர்சியாளையும் பெயர் சொல்லி நினைத்துக்கொண்டே போகிறார். நடுவில், நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவும் தன் பங்குக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த வசனம் மிகவும் பிடிக்கும். தம்பி, அதனால்தான் நீ வேண்டாம் என்று சொல்லியும் உன் பெயரைப் புத்தகத்தில் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுத்த நாட்குறிப்புகள், கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் குடும்பவாரியாக உறையிலிட்டு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஆராதனை முடிந்ததும் வந்து சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆலயத்திலேயே இருக்கட்டும் என்று விரும்புகிறவர்கள், அப்படியே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு செயலரிடம் கொடுத்தால் போதும். பதிவேடுகள் இருக்கும் அதே அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

தொகுப்புக் குழுவின் சார்பில்,
உங்கள் சகோதரன்